நான் நித்திரை அடைந்த கதை

எங்கள் தெருவிலோ சர்ச் சபையிலோ ஒரு பெண் இறந்துபோனால், குளிப்பாட்டி உடுத்துவதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். யாரும் கொடுத்த பதவி இல்லை இது. என் வீட்டுக்காரர் ஞானமுத்து ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து நாங்கள் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த காலத்தில், அங்கே எல்லோருமே வெளியூர்க்காரர்கள். தஞ்சாவூர், மதுரை, சேலம், நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சொந்தபந்தம் ரயில் பிடித்து வந்து சேர மறுநாள் ஆகிவிடும். அதுவரைக்கும் பக்கத்து வீட்டுக்காரிதான் மகள், நாத்தனார் எல்லாம். முதல் தடவை கை நடுங்க நடுங்கத்தான் செய்தேன். அப்புறம் பழகிவிட்டது. இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்று பார்த்ததில்லை. ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸை விட்டு, பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகும் கூப்பிடுவது நிற்கவில்லை.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. எனக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். அதிலிருந்து, அந்த ஆபரேஷனுக்குப் போகிறவர்களெல்லாம் வந்து "எப்படி இருந்துச்சு, எஸ்தரக்கா? வலிக்குமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி எனக்கு மூச்சு வாங்குகிறது. எழுதிவைத்துவிட்டால் படித்துக்கொள்ளட்டும்.

எத்தனையோ பேரைக் கடைசியாகக் குளிப்பாட்டியவளுக்குச் சாவு பயம் இருக்காது என்று நினைக்கிறார்கள். நன்றாகவே இருந்தது. அதற்கும் மேலே இன்னொரு பயம். என்னை யார் குளிப்பாட்டுவார்கள்? எனக்கு மகள் இல்லை, ஜெபராஜ் ஒரே மகன். என்னோடு இந்த வேலைக்கு வந்துகொண்டிருந்த இரண்டு பேரும் எனக்கு முன்னாலேயே போய்விட்டார்கள், அவர்களுக்கும் நான்தான் செய்தேன். இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே யாரோ முன்பின் தெரியாத ஆட்கள் கையுறை மாட்டிக்கொண்டு துடைத்து, துணியில் சுற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அது அவர்கள் பிழைப்பு. ஆனால் என் உடம்பை அப்படி ஒரு பார்சலாக நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்த நினைப்பில் அழுதிருக்கிறேன்.

நோய் ஆரம்பித்தது நெஞ்சில் இல்லை. இடது தோள்பட்டையில் ஒரு குடைச்சல், அப்புறம் ஏப்பம். வாயுதான் என்று முடிவுகட்டினேன். ஓமத் தண்ணீர் குடித்தேன், பூண்டைச் சுட்டுத் தின்றேன், தோளுக்குத் தைலம் தேய்த்தேன். மாடிப்படி ஏறினால் இளைத்தது. வயசு என்று சொல்லிக்கொண்டேன். பெண்களே, தயவுசெய்து இதை மட்டும் மனதில் வையுங்கள். நமக்கு மாரடைப்பு சினிமாவில் வருவது மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. தோள்வலியாக வரும், தாடை வலியாக வரும், வெறும் அசதியாகக்கூட வரும்.

பட்டாபிராமில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவரை ஒருபக்கமாகத் திருப்பித் தூக்கிப் பிடித்தபோது என் உடம்பெல்லாம் சில்லென்று வேர்த்தது. கண் இருட்டியது. குளிப்பாட்டப் போன இடத்தில், அந்த அம்மாவுக்குப் பக்கத்திலேயே என்னையும் படுக்கவைத்துவிட்டார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் யாரைப் பார்த்து அழுவது என்று தெரியாமல் நின்றார்களாம்.

அங்கிருந்து ஆட்டோவில் பக்கத்து நர்சிங் ஹோம், அப்புறம் ஆம்புலன்ஸில் பூந்தமல்லி சாலையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. முதலில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சிலும் கை காலிலும் ஒயரை ஒட்டி இதயத்தின் துடிப்பைக் கோடாகப் போட்டுப் பார்ப்பது அது. பிறகு ஒரு ரத்தப் பரிசோதனை. இதயத் தசை அடிபட்டால் அதிலிருந்து ஒரு பொருள் ரத்தத்தில் கசியுமாம், எனக்குக் கசிந்திருந்தது. மறுநாள் ஆஞ்சியோகிராம். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் அனுப்பி, சாயத்தைச் செலுத்தி, எந்த ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்று திரையில் பார்க்கிறார்கள். மயக்கம் கொடுப்பதில்லை. சாயம் பாயும்போது உடம்பெல்லாம் சூடாகும், அவ்வளவுதான்.

மூன்று இடத்தில் அடைப்பு. குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைத்தால் நிற்காது, ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். சின்ன வயசுக்காரர், பொறுமையாகச் சொன்னார்.

"பாடி ஜங்ஷன்ல முன்னெல்லாம் எப்படி நிக்கும் வண்டிங்க? மேம்பாலம் போட்டதும் மேல போயிடுச்சு இல்ல? அதே மாதிரிதான்மா. அடைப்பை நாங்க தொடமாட்டோம். கால்ல இருந்து ஒரு நரம்பை எடுத்து, அடைப்பைத் தாண்டி வேற ரூட் போட்டுடுவோம்."

"பாலம் கட்டுற வரைக்கும் போக்குவரத்து எந்தப் பக்கம் தம்பி போகும்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். ஒரு மிஷின் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்றார். என் இதயத்தை நிறுத்திவைத்துவிட்டு மிஷின் ரத்தத்தை ஓட்டுமாம். கேட்டதும் சிரிப்பு எனக்கு நின்றுபோனது.

அதற்கப்புறம் காத்திருப்பு. சர்க்கரை இறங்க வேண்டும், பல் டாக்டரிடம் பல்லைக் காட்டி வர வேண்டும், நெஞ்சு எக்ஸ்ரே, எக்கோ. எக்கோ என்பது வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ஸ்கேன் எடுப்பார்களே, அதையே இதயத்துக்குச் செய்வது. ஒவ்வொரு வாசலிலும் இரும்பு நாற்காலி வரிசை, டோக்கன், டி.வி.யில் சத்தமில்லாமல் ஓடும் செய்தி. என் வீட்டுக்காரருக்கு மருத்துவக் கார்டு இருந்ததால் செலவு தலைக்கு மேல் போகவில்லை. ஆனாலும் இந்தக் கையெழுத்து, அந்த முத்திரை என்று அவர் ஜன்னல் ஜன்னலாக ஓடினார். வீட்டில் தண்ணீர்கூட எடுத்துக் குடிக்காத மனுஷன், எனக்கு ஆரஞ்சு உரித்து, கொட்டையெல்லாம் எடுத்துவிட்டு ஊட்டினார். "ஏளா, பயப்படாத. நான் ஜெபம் பண்ணிக்கிட்டே இருக்கேன்லா" என்பார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சரோஜா வந்தாள். சரோஜா எங்கள் அடுத்த வீடு. பிறந்த ஊர் நூம்பல். அவள் அம்மா அப்பா காலத்தில் வயல் கூலி, இவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். எதற்கும் அஞ்சாத வாய். ஆனால் பிணம் என்றால் மட்டும் பயத்தில் செத்துவிடுவாள். தெருவில் சாவு என்றால் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் அம்மா இறந்தபோதுகூட உள்ளே வராமல் வாசலிலேயே புரண்டு அழுதாள், நான்தான் உள்ளே எல்லாம் செய்தேன். 

வந்தவள் இடுப்பிலிருந்து நூம்பல் அம்மன் குங்குமப் பொட்டலத்தை எடுத்து என் தலையணைக்குக் கீழே செருகினாள்.

"உன் சாமி கோச்சிக்காதுக்கா. ஓரமா கெடக்கட்டும்."

"கெடக்கட்டும்" என்றேன். பிறகு மனசு கேட்காமல், "சரோஜா, எனக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா…" என்று ஆரம்பித்தேன்.

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "அந்தப் பேச்சே வாணாம். இன்னாத்துக்கு இப்ப அதெல்லாம் பேசிகினு? நான் கெளம்பறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. என்னைக் கேட்டால், பயம்தான் கோபமாக வந்தது என்பேன். இவள்கூட இல்லை, அப்படியானால் யாரும் இல்லை என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன்.

ஆபரேஷனைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தியேட்டரில் குளிர், முகத்தில் ஒரு மாஸ்க், "நல்லா மூச்சை இழுங்கம்மா" என்றார்கள். இருபத்து மூன்றாம் சங்கீதத்தைச் சொல்லத் தொடங்கினேன். புல்லுள்ள இடங்கள் என்ற வரி வருவதற்குள் தூங்கிவிட்டேன். 

இனி வருவது நான் பார்த்ததில்லை. ஆளாளுக்குச் சொல்லிக் கேட்டதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

என் மருமகள் கௌரி பாடியில் பிறந்து வளர்ந்த இந்து வீட்டுப் பெண். காதல் கல்யாணம். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு சபைப் பேச்சை ஆசை ஆசையாகக் கற்றுக்கொண்டாள். இரவு ஜெபத்தில் நான் தினமும் "இந்த ராத்திரியிலே நல்ல நித்திரையைத் தாரும் ஆண்டவரே" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறாள். கடிதமென்றால் "கர்த்தருக்குள் பிரியமான" என்று தொடங்குவதையும் பார்த்திருக்கிறாள். ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்து, எல்லாம் நல்லபடியாக நடந்தது, மயக்கத்தில் தூங்குகிறார்கள், எழுந்திருக்க சாயங்காலம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார். உடனே சபையின் வாட்ஸாப் குரூப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இவளுக்குத் தோன்றியிருக்கிறது. போதகரும் பெரியவர்களும் இருக்கிற குரூப். "தூங்குறாங்க" என்று மொட்டையாகப் போட்டால் மரியாதையா? யோசித்து யோசித்து, இப்படி எழுதினாள்:

"ஆபரேஷன் முடிந்தது. அத்தை கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்கள். உடனிருந்து ஜெபித்த அனைவருக்கும் நன்றி."

கிறிஸ்தவர்கள் இதைப் படித்ததுமே தலையில் கை வைத்திருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நித்திரை என்றால் தூக்கம்தான். ஆனால் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார் என்றால் ஆள் காலி. கல்லறையில் அப்படித்தான் எழுதுவோம்.

அனுப்பிய கையோடு, கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கலாம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கௌரியும் மாமனாரும் உள்ளே போய்விட்டார்கள். என் மகன் எனக்குத் துணிமணி எடுத்துவர பைக்கில் ஆவடிக்குக் கிளம்பிவிட்டான். குரூப்பில் இரங்கல் குவிந்ததை மூன்று பேரில் ஒருவரும் பார்க்கவில்லை.

பெண்கள் சங்கத் தலைவி ரோஸ்லின் முதல் ஆளாக எங்கள் வீட்டுக்கு வந்து, சாவி வைத்திருந்த சரோஜாவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் ஷாமியானா வந்துவிட்டது, பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிட்டது, ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டது. நம் ஆட்கள் மற்ற எதற்குத் தாமதம் செய்தாலும் இதற்குச் செய்யமாட்டார்கள்.

சரோஜா அழவில்லையாம். வீட்டுக்குள் போனவள் ஒரு புதுப்புடவை, சோப்பு, துண்டு, மஞ்சள்தூள், சீப்பு எல்லாவற்றையும் ஒரு அன்னக்கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"அக்காவ நான்தான் குளிப்பாட்டுவேன். வேற யாரும் கை வெக்கக் கூடாது."

ரோஸ்லின் பதமாகச் சொல்லிப் பார்த்தாள். "நாங்க சபையில எல்லாம் ரெடி பண்ணிட்டோம் சரோஜா. வெள்ளைப் புடவை எடுத்தாச்சு. எங்க முறையில மஞ்சளெல்லாம் கிடையாது."

"வெள்ளையா? புருசன் கல்லு மாறி கீறாரு, சுமங்கலிக்கு வெள்ள கட்டி அனுப்புவியா நீ? அரக்குல எடுத்தாந்துகீறேன், இதத்தான் கட்டுவேன். மஞ்சா வாணான்னா வுட்டுடறேன்."

"உனக்குத்தான் பயமாச்சே."

"பயந்தான். இருந்துட்டுப் போவட்டும்."

இவர்கள் இப்படி என் புடவைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஜெபராஜ் தெருமுனை திரும்பினான். ஷாமியானாவைப் பார்த்தான். எங்கள் வாசலில் கூட்டத்தைப் பார்த்தான். பைக்கை ஸ்டாண்ட் போடாமலே விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறான். "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டான். சரோஜாதான் அவனைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா நம்மள வுட்டுப் பூட்டாங்களே நைனா."

ஆஸ்பத்திரியிலிருந்து தான் வந்துசேர்வதற்குள் அம்மா போய்விட்டாள், தனக்கு முன்னால் செய்தி வந்துவிட்டது என்று என் பிள்ளை நம்பிவிட்டான். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டானாம். மற்றதற்கெல்லாம் சிரிப்பேன், இதற்கு மட்டும் சிரிப்பு வராது.

அப்போது அவன் போன் அடித்தது. கௌரி. அவனுக்கு எடுக்கத் தெம்பில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"ஜெபா, அத்தை கண்ணைத் திறந்துட்டாங்க. மாமா கண்ணாடிக்கு வெளியே இருந்து கை காட்டினதுக்குத் தலையாட்டினாங்க. நைட்டி எடுத்துட்டு வரும்போது முன்னாடி பட்டன் வெச்சதா பார்த்து எடுத்துட்டு வாங்க. தலை வழியா போடக் கூடாதாம்."

சரோஜா போனைப் பிடுங்கினாள்.

"இன்னாம்மா சொல்ற? முயிச்சிகினாங்களா? யாரு, எஸ்தரக்காவா?"

"ஆமாக்கா. ஏன், என்ன ஆச்சு?"

சரோஜா அப்போதுதான் அழுதாளாம். வாயை மூடாமல், தெருவுக்கே கேட்க. அழுது முடித்த கையோடு ரோஸ்லினைப் பிடித்துக்கொண்டாள். "ஒயுங்கா படிச்சிட்டு வந்து சொல்ல மாட்டியா நீ?" ரோஸ்லின் போனை எடுத்து மறுபடி படித்துக் காட்டினாள், "இதுல அப்படித்தானே போட்டிருக்கு" என்று. வந்து சேர்ந்த போதகர் விஷயம் தெரிந்ததும், கூடிய ஜனம் கூடியதாகவே இருக்கட்டும் என்று நன்றி சொல்லி ஸ்தோத்திர ஜெபம் செய்தார். துக்கத்துக்கு வந்த டீயை எல்லோரும் சந்தோஷமாகக் குடித்துவிட்டுப் போனார்கள்.

இந்தக் கூத்தெல்லாம் எனக்குத் தெரியாது. நான் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் தொண்டையில் மூச்சுக்குழாயோடு கிடந்தேன். அது இருக்கும்வரை பேச முடியாது, அதுதான் பெரிய அவஸ்தை, எனக்கு இன்னும் பெரிய அவஸ்தை. மறுநாள் எடுத்துவிட்டார்கள். நெஞ்செலும்பை நடுவில் அறுத்துத் திறந்து, பிறகு கம்பியால் கட்டி மூடுகிறார்கள். அதனால் இருமினால் உயிர் போகும். ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்வார்கள், அப்படிச் செய்தால் தாங்கிக்கொள்ளலாம். மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, மூச்சை இழுத்துப் பந்தைத் தூக்கச் சொல்வார்கள். நுரையீரலில் சளி கட்டாமல் இருக்க. எனக்கு மூன்றாவது பந்து அசையவே இல்லை. அசைந்த அன்று என் வீட்டுக்காரர் வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

வார்டுக்கு மாற்றியதும் கௌரி வந்து காலடியில் நின்று தேம்பினாள்.

"நான் உங்களைக் கொன்னுட்டேன் அத்தை."

விஷயத்தைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நெஞ்சு பிளக்கிறது. தலையணையைக் கொடு என்று சைகை காட்டி, அதை அணைத்துக்கொண்டு சிரித்தேன். "போடி இவளே. கர்த்தருக்குள்ளதான் தூங்குனேன், எந்திச்சும் வந்துட்டேன். நீ எழுதுனதுல என்ன தப்பு?" என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நல்ல பிள்ளை அவள்.

குரூப்பில் வந்த இரங்கலையெல்லாம் போட்டுக் காட்டச் சொன்னேன். நான் இறந்த பிறகு என்ன பேசுவார்கள் என்று கேட்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? எஸ்தர் அம்மாள் ஒருநாளும் கோபப்பட்டதில்லை என்று ஒருத்தி. அவளை, சபை விருந்தான அசனத்துக்கு அரிசி களைந்த விதத்துக்காக நான் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். பாட்டில் அவர்களை மிஞ்ச ஆளில்லை என்று இன்னொருவர். என் குரல் கரகரவென்று இருக்கும், அந்த மனுஷன் என்றைக்குக் கேட்டாரோ. ஆனால் குவார்ட்டர்ஸில் எங்களோடு இருந்த சேலத்துக்காரர் ஒருவர் குரலில் பேசி அனுப்பியிருந்தார். "என் சம்சாரம் எப்பவும் ரெட்டைப் பின்னல்தான் போடுவா. அன்னைக்கு அவளுக்கு அதே மாதிரி ரெட்டைப் பின்னல் போட்டு அனுப்பினாங்க இந்த அம்மா. நான் சொல்லவே இல்ல. அவங்களாத்தான் ஞாபகம் வெச்சிருந்தாங்க." அதைக் கேட்டதும் போதும் நிறுத்து என்று சொல்லிவிட்டேன்.

சரோஜா கூடையோடு வந்து உட்கார்ந்ததை ஜெபராஜ்தான் சொன்னான். நான் நம்பவில்லை. "அவளா? அவ அம்மாவுக்கே உள்ள வராதவ" என்றேன். "நான் பார்த்தேம்மா" என்றான். அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தேன். கையைத் தலைக்கு மேலே தூக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, எலும்பு கூடும்வரை அப்படித்தான். குளிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், ஆனால் நானாகச் சொம்பைத் தூக்கித் தலைக்கு ஊற்ற முடியாது. கௌரி நான் குளிக்கவைக்கிறேன் அத்தை என்றாள். எனக்குக் கூச்சம். ஊர்ப் பெண்களையெல்லாம் குளிப்பாட்டியவளுக்கு மருமகள் முன்னால் துணியை அவிழ்க்கக் கூச்சம். அப்புறம் பார்க்கலாம் என்று அவளை ஆபீஸுக்கு அனுப்பிவிட்டேன்.

அவள் போகும் வழியில் சரோஜாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சரோஜா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, வெந்நீர் விளாவி, குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு என்னை உட்காரவைத்தாள்.

"எங்கிட்ட இன்னாக்கா வெக்கம்? கழட்டு."

நெஞ்சின் நடுவே இறங்கும் தையலைப் பார்த்ததும், எடுத்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். முதல் சொம்பு தண்ணீரைத் தோளில் ஊற்றும்போது அவள் கை நடுங்கியது.

"அன்னைக்குச் சோப்பு, துண்டெல்லாம் எடுத்துக்கிட்டு வந்தியாமே" என்றேன்.

"யாரு சொன்னாங்க உனக்கு?"

"எல்லாருந்தான். உனக்குப் பயமா இல்லையா?"

"இருந்துச்சிக்கா. ஆனா யாரோ மொகம் தெரியாதவங்க வந்து உன் மேல கை வெக்கறத நெனச்சேன் பாரு, அது அந்தப் பயத்தவிட பேஜாரா பூட்ச்சி."

எனக்கு அடக்க முடியவில்லை. அழுதேன். சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவசரமாகத் தண்ணீர் எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"எரியுதாக்கா?"

"இல்ல சரோஜா. எனக்கு இதைச் செய்ய யாரும் இல்லன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

என் தலைக்குத் தண்ணீர் விட்டாள், காதுக்குப் பின்னால் துடைத்தாள், கால்விரல் இடுக்கெல்லாம் தேய்த்தாள். அவள் கை நடுக்கம் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. கடைசியில் துண்டை என் தோளில் போட்டு ஒற்றிக்கொண்டே சொன்னாள்:

"இப்ப கத்துகினேன். நேரம் வந்தா நான் பாத்துக்கறேன், நீ கவலப்படாத. ஆனா அதுக்குன்னு அவசரப்பட்டுடாதக்கா."

"அவசரமெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றேன். "முதுகு இன்னும் ஈரமா இருக்கு, நல்லாத் துடை."